நடக்காத காலில் மணல்

மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த, கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி முத்துக்குமாருவின் மூன்றாவது பிள்ளை பாலன், பிறந்தது முதல் ஒரு தடவைகூடத் தரையில் கால் ஊன்றி நடந்ததில்லை. ஆனால் 1927ஆம் வருஷத்து ஈஸ்டர் ஞாயிறு சாயந்தரம் தொடங்கி, அவன் கால் கழுவிய தண்ணீரின் அடியில் தினமும் ஒரு கைப்பிடி மணல் தங்கியது. பிரிக்பீல்ட்ஸ் மண் எப்படிப்பட்டது என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செங்கல் சூளைக்கென்றே பிறந்த சிவப்புக் களிமண். காலில் ஒட்டினால் கரண்டியால் சுரண்ட வேண்டும். இந்த மணல் அந்த ஜாதியில்லை. சாம்பல் கலந்த வெளுப்பு, விரலிடுக்கில் நிற்காமல் உதிரும், உற்றுப் பார்த்தால் கடுகளவு சங்குகளும் கிடந்தன. அந்த வருஷம் ஊரில் பேசுவதற்கு வேறு விஷயங்கள் நிறைய இருந்தன. முந்தின டிசம்பர் வெள்ளத்தில் யார் வீட்டுக் கோழி யார் கூரையில் ஏறியது என்ற வழக்கே இன்னும் தீரவில்லை. ரப்பர் விலை வேறு இறங்கத் தொடங்கியிருந்தது. அதனால் கிராணி வீட்டு மணல் பத்தோடு பதினொன்றாகத்தான் பேசப்பட்டது.

அந்தக் காலைக் கழுவியவள் மார்க்கிரட், முத்துக்குமாருவின் மனைவி. யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் போர்டிங் பள்ளியில் வளர்ந்தவள். அங்கே விடிவதற்கு முன் மணி அடிக்கும். அடித்ததும் பிள்ளைகள் வேதப்புத்தகத்தோடு ஆளுக்கொரு மூலையாகப் போய்த் தனியே உட்கார வேண்டும். மற்றப் பெண்கள் புத்தகத்தின் மேலேயே தூங்கி வழிவார்கள். மார்க்கிரட் மட்டும் நிஜமாகவே உட்கார்ந்திருந்தாள். கிணற்றடி வேம்பின் கீழ் யாரோ பக்கத்தில் வந்து அமர்வதாக அவளுக்குத் தோன்றும். அதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. கலியாணமாகிக் கப்பலேறி மலாயா வந்த புதிதில் அந்த நேரமும் அவளோடு கூடவே வந்தது. மூத்தவள் நேசமலர் பிறந்தபோது அது பாதியாயிற்று, சாமுவேல் பிறந்தபோது கால்வாசியாயிற்று, பாலன் பிறந்த பின் அடியோடு போயிற்று. விடியுமுன் எழுந்தால் அடுப்பு இருக்கிறது, கணவனுக்குச் சாப்பாடு கட்டுவது இருக்கிறது, இரவு நனைந்த துணிகள் இருக்கின்றன. குடும்ப ஜெபத்தில் முத்துக்குமாரு கண்ணை மூடி நீளமாக ஜெபிக்கும்போது, மார்க்கிரட் ஒரு கண்ணைத் திறந்து வைத்து, சாமுவேல் அக்காளின் பின்னலை இழுக்காமல் பார்த்துக்கொள்வாள். எதற்கு ஆமென் சொன்னோம் என்று அவளுக்கே தெரியாது. கர்த்தர் தன்னைக் கடைசியாகப் பார்த்தது அந்த வேம்பின் கீழ்தான், மலாயாவில் தன் விலாசம் அவருக்குத் தெரியாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அதில் அவளுக்குக் கோபம் இல்லை. வெட்கம் இருந்தது.

பிள்ளைகள் வெளியே ஓடி விளையாடத் தொடங்கியதும் அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது. சூளைத் திடலில் புரண்டுவிட்டு வருகிறவர்கள் பின்பக்கப் படியில் வரிசையாக உட்கார வேண்டும். மார்க்கிரட் எனாமல் பேசினில் தண்ணீர் வைத்து ஒவ்வொருத்தர் காலாகக் கழுவித் துடைத்த பிறகுதான் உள்ளே விடுவாள். இல்லாவிட்டால் வீடே சூளையாகிவிடும். பாலனுக்கு ஒன்றரை வயதாகியும் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் துரை முழங்காலைத் தட்டிப் பார்த்து, உள்ளங்காலை ஊசியால் தொட்டுப் பார்த்து, இது பிறவியிலேயே வந்தது, இந்தப் பிள்ளை நடக்காது என்று தன்மையாகவே சொல்லி அனுப்பினார். அவன் கால்கள் எங்கும் போகாதவை, அதனால் அழுக்காகாதவை; உள்ளங்கால் கன்னம் மாதிரி மெத்தென்று இருக்கும். ஆனால் அக்காளும் அண்ணனும் படியில் உட்கார்ந்தால் அவனும் உட்கார வேண்டும், முறை வரும்போது அவன் காலையும் கழுவ வேண்டும். விட்டுவிட்டால் அவன் கத்தி அழமாட்டான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான், அதைப் பார்க்க முடியாது. தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது சுத்தமான காலைக் கழுவுவது மார்க்கிரட்டுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தும் கழுவினாள். விரலிடுக்கு, கணுக்கால், குதிகால் என்று மற்ற இருவருக்கும் செய்ததில் ஒன்று குறையாமல் செய்து முந்தானையால் ஒற்றிவிடுவாள். எல்லாரும் உள்ளே போன பிறகு, குழாய்த் தண்ணீரில் ஒரு குவளையைத் தன் காலில் குனிந்து பார்க்காமலே ஊற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்தத் தண்ணீர் சாக்கடையில் ஓடிவிடும்.

அவர்கள் போன தமிழ் ஆலயத்தில், வருஷப் பிறப்பு ஆராதனையன்று வாக்குத்தத்தம் எடுக்கும் வழக்கம் இருந்தது. சிறு அட்டைகளில் ஆளுக்கொரு வசனமாக எழுதித் தட்டில் வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுத்தால், அந்த வருஷம் முழுவதற்கும் கர்த்தர் தந்த வாக்கு அதுவே. பிள்ளைகளுக்காகத் தகப்பன் எடுப்பான். 1927 பிறந்த அன்று ஆலயத்தில் வெள்ளத்தின் சேற்று வாடை இன்னும் போகவில்லை. அட்டைகளும் நனைந்து, கொடியில் துணிபோலக் காயப்போட்டு எடுக்கப்பட்டவை. முத்துக்குமாரு பாலனுக்காகக் கைவிட்டபோது இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. பிரித்துப் பார்த்தார். ஒன்று, களைத்துப்போகாமல் நடப்பதைப் பற்றியது. மற்றது, கர்த்தர் தம் பிள்ளைகளைச் சுமப்பதைப் பற்றியது. அவர் நடப்பதை வைத்துக்கொண்டு, சுமப்பதைத் தட்டில் திருப்பிப் போட்டார். நல்ல மனிதர், மகன்மேல் உயிரையே வைத்திருந்தவர். அவர் இடத்தில் எந்தத் தகப்பன் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.

அதன் பிறகு முத்துக்குமாருவைக் கையில் பிடிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தார். சீனச் சப்பாத்துக்காரரிடம் போய், மூன்று வயதுப் பிள்ளைக்குக் கறுப்புத் தோலில் ஒரு சோடி சப்பாத்து தைக்கச் சொன்னார். உயிர்த்தெழுந்த ஞாயிறன்று பாலன் சபைக்கு முன்னால் நடப்பான் என்று மூப்பர் கந்தப்புவிடம் சொல்ல, மூப்பர் மற்ற எல்லாரிடமும் சொன்னார். சபை முழுவதும் ஜெபித்தது. ஜெபிக்காதவள் மார்க்கிரட் ஒருத்திதான். முயலாமல் இல்லை, முழங்காலில் நின்றால் பால் பொங்கியது, அல்லது சாமுவேல் எதன்மேலிருந்தாவது விழுந்தான். மாதர் கூட்டத்தில் மூப்பரின் மனைவி இராசேஸ்வரி, "நீர்தானே தாய், நீர் எழும்பி ஜெபியும்" என்று எழுப்பிவிட்டபோது, நின்றவளுக்கு ஒரு சொல் வரவில்லை. பிள்ளை மடியை நனைத்துவிட்டான் என்ற சாக்கில் வெளியே வந்துவிட்டாள். மகன் நடக்காமல் போனால் அதற்குத் தன் வாயில் வராத அந்த ஜெபம்தான் காரணம் என்ற பயம் அன்று அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. பிறகு இறங்கவில்லை.

ஈஸ்டர் ஆராதனையின் முடிவில் முத்துக்குமாரு மகனுக்குச் சப்பாத்து மாட்டி, ஆலயத்தின் நடுப்பாதையில் நிறுத்தினார். கீர்த்தனையின் கடைசி அடி வரை இரண்டு கைகளையும் பிடித்திருந்தார். பிறகு கையை எடுத்தார். பாலன் அப்பாவை நம்பிச் சிரித்துக்கொண்டே முன்னால் சாய்ந்தான். நாடி கல் தரையில் பட்டுப் பிளந்தது. முத்துக்குமாரு தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். பின்வரிசையிலிருந்து மார்க்கிரட் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறியபோது, இராசேஸ்வரி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. விழவேண்டும் என்றுதான் சொல்லப்பட்டது.

"தகப்பன் பட்டினி கிடந்து என்ன? தாய் ஜெபிக்காத வீட்டிலை பிள்ளைக்கு எங்கையிருந்து நடை வரும்?"

வீட்டுக்கு வந்து நாடிக்கு மருந்து கட்டி, பாலனைத் தூங்கவைத்து, மார்க்கிரட் சமைத்தாள். ஈஸ்டர் ஆனாலும் வயிறு வயிறுதானே. பொழுது சாயும்போது மூத்தவர்கள் இருவரும் வழக்கப்படி படியில் வந்து உட்கார்ந்தார்கள், பாலனும் கட்டுப்போட்ட நாடியோடு தன் முறைக்குக் காத்திருந்தான். அன்று அவனைப் பார்க்கவே அவள் அஞ்சினாள். காலையில் மாட்டிய சப்பாத்தை ஒருவருக்கும் கழற்றத் தோன்றவில்லை, அவள்தான் கழற்றினாள். வலது சப்பாத்திலிருந்து மணல் கொட்டியது. சப்பாத்துக்காரர் வடிவம் நிற்பதற்காகப் போட்டதாக இருக்கும் என்று நினைத்து இடது சப்பாத்தைக் கழற்றினாள், அதிலும் கொட்டியது. காலைத் தண்ணீரில் வைத்தபோது விரலிடுக்கிலிருந்தும் மணல் கரைந்து இறங்கியது. உள்ளங்கால் சிவந்து, வெயிலில் நெடுந்தூரம் போய் வந்த கால்போலச் சூடாக இருந்தது. அவள் கழுவித் துடைத்துவிட்டு, பேசினின் அடியில் கிடந்ததை ஒரு சிரட்டையில் வழித்து வைத்தாள்.

முத்துக்குமாரு முதலில் இது சாமுவேலின் குறும்பு என்று எண்ணி அவனுக்கு இரண்டு அடி கொடுத்தார். அநியாயமாக விழுந்த அடி. அடுத்த விடுமுறை நாளில் காலையிலிருந்து சாயந்தரம் வரை பாலனைத் தன் மடியிலிருந்து இறக்காமல் வைத்திருந்து, தானே கழுவினார். மணல் வந்தது. மறு வாரம் அதில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு ரயிலேறிப் போர்ட் சுவெட்டன்ஹாம் கடலுக்குப் போனார். அங்கே முழங்கால் வரை சேறும் நண்டும்தான் இருந்தன. கிள்ளானில் இருந்த மார்க்கிரட்டின் தமையன் சபாபதி அவரை மொறிப் கடற்கரைக்கும் அழைத்துப்போய்க் காட்டினார். அந்த மணல் பருமன், நிறமும் வேறு. பெரியவர்கள் இருவரும் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்கு வந்தபோது, சாமுவேல் சிரட்டையிலிருந்து ஒரு விரல் மணலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, இதிலை உப்பே இல்லை," என்றான். உப்பில்லாத கரையில் சங்கு எப்படி வரும் என்று கேட்க அவனுக்கு வயது போதாது, பெரியவர்களுக்கு வாய் வரவில்லை. போதகர் ஒரு நாள் வந்து பார்த்தார். இரண்டு தம்ளர் தேத்தண்ணி குடித்து, மணலை விரலால் அளைந்துவிட்டு, "பிள்ளையின்ரை காலை விடாமல் கழுவிக்கொண்டு வாருங்கோ" என்று மட்டும் சொல்லிப் போனார். ஞாயிறு பிரசங்கத்தில் அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள்; ஊரும் சில மாதம் பேசி அலுத்துத் தானாகவே மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டில் இருந்த, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனின் மனைவி பவுனம்மாள்தான் உருப்படியாக ஒன்று சொன்னாள். அவள் மாரியம்மனுக்கு ஆடி தவறாமல் கூழ் ஊற்றுகிறவள். கிராணி வீட்டுச் சாமியோடு அவளுக்குப் பகையுமில்லை, உறவுமில்லை.

"எங்கேயோ போயிட்டு வருது புள்ள, அது மட்டும் நல்லாத் தெரியுதுக்கா. இம்மாந்தூரம் நடந்தா கால் வலிக்காதா? தேங்காண்ணெ காய்ச்சித் தடவி விடுங்க," என்றாள். மார்க்கிரட் அன்றிலிருந்து கழுவிய பிறகு எண்ணெயும் தடவினாள்.

மணல் வந்ததுபோல் நடையும் வரும் என்று முத்துக்குமாரு அந்த வருஷம் முழுவதும் காத்திருந்தார். வரவில்லை. அடுத்த வருஷப் பிறப்பு ஆராதனையில் அவர் தட்டில் கைவிடாமல், "போன முறை நான் திருப்பிப் போட்டது ஒண்டு இருக்கு, அதைத் தேடித் தாருங்கோ" என்று மூப்பரிடம் கேட்டு வாங்கி, வேதப்புத்தகத்தில் வைத்துக்கொண்டார். பிறகு மகனைத் தோளில் தூக்கத் தொடங்கினார். ஆலயத்துக்கு, பாசார்ச் சந்தைக்கு, ரயிலில் கிள்ளானுக்கு, எங்கே போனாலும் கிராணியாரின் கோட்டுக் கழுத்தின் இருபுறமும் இரண்டு கால்கள் தொங்கும். ஆரம்பத்தில் சிரித்தவர்கள் உண்டு. பிறகு பாலன் இல்லாமல் அவரைத் தனியே கண்டால், உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். சப்பாத்து இரண்டும் பவுனம்மாளின் மகன் வாசுவுக்குப் போயின. அவன் அவற்றை அடி தேயும்வரை போட்டு உதைத்தான்.

பாலனுக்குப் பேச்சு நன்றாக வந்த பிறகு, ஒரு சாயந்தரம் மற்றப் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு மார்க்கிரட் அவனைக் கேட்டாள்.

"எங்கை ராசா போனனி?"

"கரைக்கு."

"ஆரோடை?"

"அவரோடைதான்." அம்மாவுக்கு இதுகூடத் தெரியாதா என்று அவன் அவளைப் பார்த்தான். "மணல் சுடும் அம்மா. தண்ணிக்குக் கிட்டப் போனால் குளிரும்."

உள்ளங்காலில் ஊசி குத்தினாலும் உணராத பிள்ளை அவன். மார்க்கிரட் அவன் காலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவர் என்ன பேசுவார் என்று கேட்டாள். பாலன் யோசித்தான். "அவரும் ஒரு நாள் எல்லாரின்ரை காலையும் கழுவினவராம். மீன் பிடிக்கிற பெரிய ஆள் ஒருத்தர் மட்டும் கால் தரமாட்டன் எண்டு அடம்பிடிச்சவராம்." சொல்லிவிட்டு, அவ்வளவு பெரிய ஆளின் அடத்தை நினைத்து அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மார்க்கிரட்டும் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, கேட்கக்கூடாது என்று எண்ணியிருந்ததையும் கேட்டுவிட்டாள்.

"அம்மாவைப் பற்றி ஏதும் கேட்டவரோ?"

"இல்லையே," என்றான் பாலன். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லி ஆறுதல் படுத்தத் தெரியாது. மகனின் விலாசத்தைக் கண்டுபிடித்தவருக்கு, அதே வீட்டில் இருக்கிற தன் விலாசம் தெரியவில்லை என்று மார்க்கிரட் எண்ணிக்கொண்டாள். இராசேஸ்வரி சொன்னது சரிதான் என்றும் எண்ணினாள். பேசினைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள், ஏனென்றால் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது.

வருஷங்கள் போயின. பாலனின் மணலை அவள் ஒரு கோணிச் சாக்கில் சேர்த்து வந்தாள், சாக்கு நிறைந்தும் நிறையாமலும் இருந்தது, ஏனென்றால் எடுக்க ஆள் இருந்தது. சட்டி பானை தேய்க்க அதைப்போல ஒன்று கிடையாது. பவுனம்மாள் கடலை வறுக்க வாங்கிப் போவாள். அந்தக் கடலை தீய்ந்ததே இல்லை. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் பள்ளிக்குப் போகுமுன் பாலனின் படிக்கு வந்து, பரப்பிய மணலில் விரலால் ஆனா ஆவன்னா எழுதினார்கள், அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து திருத்துவான். 1931இல் தவமணி என்று இன்னொரு பெண் பிறந்து, அந்த மணலில்தான் பாலனின் தோளைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நடை பழகினாள். அதை வாசலில் நின்று பார்த்த மார்க்கிரட், கையிலிருந்த அரிசிச் சுளகைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். பாலன் அழவில்லை. தங்கை விழும்போதெல்லாம், "எழும்பு, எழும்பு, மணல்தானே" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

சாக்கடை கூட்ட வரும் சின்னையாவுக்கு மட்டும் அந்த வீட்டின் மேல் ஒரு குறை இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவையாவது அவர் வீட்டுக்குப் பின்னால் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று, "அம்மா, மணலச் சாக்குல கட்டி வெக்கிறோம்னு சொல்றீங்க. அப்ப இங்கன வந்து அடைக்கிறது எங்கேருந்து வருது? மத்த வீட்டுச் சாக்கடையில இப்படி இல்லியே," என்று முறையிடுவார். பேசின் அலம்பும்போது சிந்துவதாக இருக்கும் என்று மார்க்கிரட் சொல்லி, ஒரு தம்ளர் கோப்பி கொடுத்து அனுப்புவாள். கோப்பி குடித்துவிட்டு அவரும் போவார். சிந்துகிறது இவ்வளவு வருமா என்று ஒருவரும் யோசித்துப் பார்க்கவில்லை.

அதே வருஷங்களில்தான் சிலம்பு வந்தது; ஸ்லம்ப் என்ற விலைவீழ்ச்சிக்குத் தோட்டத்து வாயில் அதுதான் பெயர். தோட்டங்களில் வேலை நின்று, ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறிப் போனார்கள். ரயில்வேயிலும் ஆள் குறைத்தார்கள், முத்துக்குமாருவின் சம்பளத்தில் பெரும்பகுதி வெட்டுப்பட்டது. மார்க்கிரட் பிள்ளைகளுக்குப் பிசைந்து ஊட்டிவிட்டுச் சட்டியைத் தான் வழித்துக் குடிக்கும் காலம் அது. ஒரு நாள் பாலன் தன் கவளத்தைச் சாமுவேல் பக்கம் தள்ளி, "நான் சாப்பிட்டிட்டன்" என்றான். அவன் விரல்களில் கரியில் சுட்ட மீன் வாசம் அடித்தது. "கரையிலை நெருப்பு மூட்டி அவர்தான் சுட்டுத் தந்தவர். அம்மாவுக்கும் ஒரு துண்டு கொண்டு போகட்டோ எண்டு கேட்டனான். அம்மாவின்ரை பங்கு வேறையா இருக்கு எண்டு சொன்னவர்." பசியில் இருந்த மார்க்கிரட் அதை நம்பவில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டான், ஆறுதல் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டான் என்று நினைத்தாள். குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்தில் என்பார்கள். கொண்டாடத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

1933ஆம் வருஷத்துப் பெரிய வியாழனன்று, கர்த்தர் தம் சீஷரின் காலைக் கழுவிய அந்த நாளில், தவமணிக்குச் சின்னம்மை போட்டிருந்தது. ஆலயத்தில் மாலை ஆராதனை. முத்துக்குமாரு கோட்டு மாட்டிப் பாட்டுப் புத்தகத்தோடு தயாராக நின்றார். மார்க்கிரட் போக முடியாது, வழக்கம்போல. அவள் காலையிலிருந்து குழாயடி, அடுப்படி, துணிக்கொடி, பிள்ளையின் பாய் என்று இந்த நாலு இடத்தைத் தவிர வேறெங்கும் போகவில்லை. பிள்ளைகள் காலைக் கழுவி முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது, பாலன் அவள் சேலையைப் பிடித்தான்.

"அம்மா, நீங்கள் இருங்கோ. இண்டைக்கு உங்கடை காலை நாங்கள் கழுவிறம்."

"விசரே உனக்கு? அம்மாவுக்கு வேலை கிடக்கு, விடு."

"இருங்கோ அம்மா."

"வேண்டாம் எண்டால் வேண்டாம். பிள்ளையள் அம்மாவின்ரை காலைக் கழுவுறதோ? ஆரும் பார்த்தால் சிரிப்பினம்."

பாலன் சேலையை விடவில்லை. "அந்த மீன்காரரும் இப்பிடித்தான் அடம்பிடிச்சவர்," என்றான். நேசமலர் சிரித்துவிட்டாள். சாமுவேல் ஏற்கெனவே புதுத் தண்ணீர் கொண்டு வந்து வைத்திருந்தான். முத்துக்குமாரு பாட்டுப் புத்தகத்தை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத் துவாயை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. மார்க்கிரட் உட்கார்ந்தாள். கலியாணத்தன்று கால் கழுவிவிட்டதற்குப் பிறகு அவள் காலை வேறொருவர் தொட்டது அன்றுதான். குதிகால்கள் வயல்போல வெடித்திருந்தன, அவற்றைக் காட்ட அவளுக்கு வெட்கமாக இருந்தது. பாலன் படியில் சாய்ந்து உட்கார்ந்து, அவள் தனக்குச் செய்தபடியே விரலிடுக்கு, கணுக்கால், குதிகால் என்று கழுவினான்.

மணல் வந்தது. முதலில் விரலிடுக்கிலிருந்து, பிறகு குதிகால் வெடிப்பிலிருந்து, அதே சாம்பல் கலந்த வெளுப்பு, அதே கடுகளவு சங்குகள். ஒரு கைப்பிடியோடு நிற்கவில்லை. சாமுவேல் பேசினைக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் தண்ணீர் கொண்டு வந்தான், மறுபடியும் அடி நிறைந்தது. மூன்றாம் தடவையும் வந்தது. மார்க்கிரட் தன் காலைப் பார்த்தாள். சாக்கடையைப் பார்த்தாள். சின்னையா இத்தனை வருஷமாக வெட்டி வெளியே எறிந்துகொண்டிருந்தது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அப்போது விளங்கியது. தினமும் குனிந்து பார்க்காமல் ஒரு குவளைத் தண்ணீரில் கழுவிவிட்டுப் போன கால்கள் அவை.

"எங்கையம்மா போனனீங்கள்?" என்று நேசமலர் கேட்டாள்.

"நான் எங்கையும் போகேல்லையே," என்றாள் மார்க்கிரட். "இங்கைதானே நிண்டனான். இங்கைதான் நிண்டனான் பிள்ளை." அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள், கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. வேம்பின் கீழ் பக்கத்தில் வந்து அமர்ந்தவர் இத்தனை காலமும் எங்கே இருந்தார் என்று அவள் இனி ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை. முத்துக்குமாரு முழங்கால் மடித்து உட்கார்ந்து, மனைவியின் காலைத் துவாயால் துடைத்தார். குதிகால் வெடிப்பு நோகுமோ என்று ஒற்றி ஒற்றித் துடைத்தார். அன்று அவர் ஆராதனைக்குப் போகவில்லை. பவுனம்மாள் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, "இவங்களுக்கும் சேர்த்து எண்ணெ காய்ச்சணும்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். இரவு குடும்ப ஜெபத்தில் மார்க்கிரட் இரண்டு கண்களையும் மூடினாள். தவமணி காய்ச்சல் சிணுங்கலோடு அக்காளின் பின்னலைப் பிடித்து இழுத்தாள், ஒருவரும் தடுக்கவில்லை, நேசமலர் ஆமென் வரை பொறுத்துக்கொண்டாள்.

மறுநாள் பெரிய வெள்ளி. விடியுமுன் மார்க்கிரட் எழுந்து, முந்தின சாயந்தரம் அள்ளி வைத்ததில் ஒரு பிடி எடுத்துக் கஞ்சிப் பானையைத் தேய்த்தாள். பாலன் கடைசிவரை நடக்கவில்லை. படியிலிருந்தே எழுத்துச் சொல்லிக்கொடுத்து, நாற்பது தாண்டியும் தகப்பனுக்குப் பிறகு தமையனின் தோளில் போனான். பின்பக்கப் படியில் அந்தப் பெரிய வெள்ளியிலிருந்து இரண்டு சாக்குகள் இருந்தன, ஒன்று சின்னது, ஒன்று பெரியது. சாக்கடை அடைக்கிறது என்று சின்னையா பிறகு புகார் சொன்னதில்லை. கோப்பிக்கு மட்டும் வந்து போனார்.